அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு சைக்கிள்

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், பைபாஸ் முடித்தவர்கள், வால்வு மாற்றியவர்கள், பேஸ்மேக்கர் சுமப்பவர்கள் என நம் கோயம்புத்தூரில் மறுபடி சைக்கிள் ஏற ஆசைப்படும் அத்தனை பேருக்கும்,



ரேஸ் கோர்ஸ் நடைபாதையிலும் ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும் பார்த்துப் பார்த்துப் பழகிய முகங்கள் நீங்கள். கொஞ்ச காலமாக உங்கள் பேச்சு எலெக்ட்ரிக் சைக்கிளையே சுற்றி வருகிறது. யார் ஆரம்பித்தாலும் முதல் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டருங்க போகும்?" அடுத்தது விலை. கடைக்காரர்களும் இந்த இரண்டுக்கும்தான் பதில் தயாராக வைத்திருக்கிறார்கள். நெஞ்சில் கோளாறு உள்ளவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. அதைச் சொல்லத்தான் இந்த மடல். நானும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவன்தான், டாக்டர் இல்லை. எனவே இதைப் படித்துவிட்டு நேராகக் கடைக்குப் போகாமல், ஒரு முறை உங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

காற்றில்லாத காலையில் சமதரையில் நிதானமாகச் சைக்கிள் மிதிப்பது நம்மில் பலருக்குப் பெரிய காரியமில்லை. அதற்கு மோட்டாரே வேண்டாம். நெஞ்சைச் சோதிப்பவை நடுவே வரும் சில நிமிடங்கள். மேம்பாலம் ஏறும் நேரம். சிக்னலில் பச்சை விழுந்ததும், பின்னால் பஸ்காரர் ஹாரனை அழுத்த, நின்ற வண்டியைக் கிளப்பும் நேரம். ஆடி மாத எதிர்காற்று. பேட்டரி தீர்ந்துபோன கடைசி இரண்டு கிலோமீட்டர். அடுக்குமாடி பேஸ்மென்ட்டிலிருந்து வண்டியை மேலே தள்ளிக்கொண்டு வரும் நேரம். மொத்தமாகக் கூட்டினால் ஐந்து நிமிடம்கூட வராமல் போகலாம். ஆனால் இதயம் சராசரிக் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த உச்சத்தில்தான் அது திணறும். எந்த வண்டி அந்த உச்சத்தைத் தாழ்த்தித் தருகிறதோ அதை வாங்குங்கள்.

இதைக் கொஞ்சம் எண்ணிலும் பார்த்துவிடுவோம். உங்கள் ஃபைலில் டிரெட்மில் டெஸ்ட் ரிப்போர்ட் ஒன்று இருக்கும். அதில் ‘மெட்ஸ்’ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிப்பது 1 மெட். வழக்கமான புரூஸ் முறையில் முதல் மூன்று நிமிடக் கட்டத்தை முடித்தவர் ஏறத்தாழ 5 மெட், இரண்டாவதை முடித்தவர் 7, மூன்றாவதை முடித்தவர் 10 எட்டியிருப்பார். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 5 மெட்தான் எல்லை என்றால், அவர் கால்கள் பெடலில் தரக்கூடியது சுமார் 70 வாட். அதுவும் முழு மூச்சையும் கொடுத்தால். நிம்மதியாக ஓட்டுவதற்கு அதில் பாதியைச் சற்றுத் தாண்டினாலே அதிகம்.

இப்போது மேம்பாலத்துக்கு வாருங்கள். ஆளும் வண்டியுமாக 100 கிலோ. நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் ஏற்றம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம், அதற்கும் குறைந்தால் சைக்கிள் தள்ளாடும். இதற்கு 130 வாட்டை ஒட்டித் தேவைப்படுகிறது. கையிருப்பு 70, செலவு 130. இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மோட்டார். நம் நாட்டுச் சட்டப்படி லைசென்சும் பதிவும் இல்லாமல் ஓட்டக்கூடிய வண்டியில் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். கோவை மேம்பாலங்களுக்கு அந்த 250 வாட் தாராளம்.

ஆனால் இருக்கிற மோட்டார் தேவைப்படும் நேரத்தில் கை கொடுக்குமா? அதைச் சென்சார்தான் முடிவு செய்கிறது. கடையில், "பெடல் அசிஸ்ட் இருக்குங்க சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். விடாதீர்கள், அங்கேதான் தோண்ட வேண்டும்.

பெடல் அசிஸ்ட் இரண்டு விதம். கேடன்ஸ் சென்சார் என்பது பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும். சுற்றினால் போதும், நீங்கள் வைத்த நிலைக்கு ஏற்ப மோட்டார் இழுக்கும், காலில் வலுவிருந்தாலும் இல்லாவிட்டாலும். இங்கே கிடைக்கும் மலிவான, நடுத்தர விலை வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். டார்க் சென்சார் என்பது கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்து, அதைப் பெருக்கித் தரும். லேசாக மிதித்தால் லேசான உதவி, அழுத்தி மிதித்தால் கூடுதல் உதவி. விலை அதிகம். ஓட்டும்போது நம் காலுக்கே வலு கூடிவிட்டது போன்ற இயல்பு இதில் உண்டு. சைக்கிள் தெரிந்தவர்கள் எல்லோரும் புகழ்வதும் இதைத்தான்.

இங்கே எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. டார்க் சென்சாரின் நியாயம், "நீ போடு, நான் அதன் மேல் போடுகிறேன்" என்பது. மேட்டில் அதிக உதவி வேண்டுமென்றால் அதிகம் அழுத்த வேண்டும். நமக்கோ, மேட்டில்தான் அழுத்தவே கூடாது. மெட்ஸ் குறைவாக உள்ளவர்கள், இதயத்தின் பம்பு வலு குறைந்தவர்கள், மேடு ஏறும்போது நெஞ்சு பிடிக்கிறது என்று சொல்பவர்கள், இவர்களுக்கெல்லாம் எளிய கேடன்ஸ் சென்சாரும் த்ராட்டிலும் சேர்ந்த வண்டியே மேல். காலைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் மோட்டார் மேம்பாலம் ஏற்றிவிடும். டெஸ்டில் 8, 9 மெட் எட்டியவர்கள், டாக்டரே உடற்பயிற்சியைக் கூட்டச் சொன்னவர்கள், தாராளமாக டார்க் சென்சார் வாங்கலாம். அவர்களுக்கு அதன் நேர்மை பிடிக்கும்: எவ்வளவு உழைத்தார்களோ அவ்வளவுக்கு மட்டும்தான் அது கூலி தரும்.

கேடன்ஸ் சென்சாரிலும் ஒரு குறை உண்டு. பெடல் அரைச் சுற்றோ ஒரு சுற்றோ போன பிறகுதான் மோட்டார் விழிக்கும். அதற்குள் நின்ற வண்டியை உந்தித் தள்ளும் பாரம் முழுவதும் நம் மேல் விழுகிறது. நகரத்தில் இப்படி எத்தனை சிக்னல்! அதற்காகத்தான் த்ராட்டில். வலது கைப்பிடியைத் திருகியோ கட்டைவிரலால் அழுத்தியோ வண்டியை நகர்த்திவிட்டு, ஓட ஆரம்பித்ததும் பெடலுக்கு மாறலாம். த்ராட்டில் வைத்தால் சைக்கிள் சைக்கிளே இல்லை என்று மூக்கைச் சுளிக்கும் இளைஞர்களுக்கு நல்ல தமனிகள் இருக்கின்றன. அவர்கள் பேச்சை நாம் கேட்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கடையிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்: பிரேக் பிடித்த நொடியில் மோட்டார் அணைய வேண்டும்.

கியர் இல்லாத வண்டியை வாங்காதீர்கள். 250 வாட் மோட்டாரோடு கியர் எதற்கு என்று கடைக்காரர் கேட்பார். சார்ஜ் தீரும் நாளுக்கு, மோட்டார் மக்கர் செய்யும் நாளுக்கு. 22, 25 கிலோ எடையுள்ள வண்டியை ஒற்றைக் கியரில் மேட்டில் மிதிப்பது ஆரோக்கியமானவருக்கே தண்டனை. சக்கரத்தின் நடுவே உள்ள ஹப் மோட்டாருக்கும் ஒரு குணம் உண்டு. வேகம் மிகக் குறைந்து முக்கி முக்கி ஏறும்போது அது வலுவிழந்து சூடாகும். மருதமலை அடிவாரம் வரைக்கும் சரி. மேலே மலைப்பாதையில் ஏறும் எண்ணத்தை முருகனிடமே விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

அந்த 25 கிலோவை மறுபடி எடுக்கிறேன், ஏனென்றால் கடையில் யாரும் பேசாத ஆபத்து அதில்தான் இருக்கிறது. ரோட்டில் ஓடும் வரைக்கும் எடை மோட்டாரின் கவலை. வீட்டு வாசலுக்கு வந்ததும் அது உங்கள் கவலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பாரத்தைத் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும்; சைக்கிள் மிதிப்பதைவிட இந்தத் தம் பிடிக்கும் வேலை நம் இதயத்துக்குக் கெடுதல். பைபாஸ் ஆனவர்களுக்குப் பிளந்த மார்பெலும்பு ஒட்டுவதற்கே இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்காதே என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆகவே வண்டி பார்க்கப் போவதற்கு முன் உங்கள் வீட்டைப் பாருங்கள். வாசலில் படி உண்டா? ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்? சார்ஜ் போடும் பிளக் எங்கே? தூக்காமல் உள்ளே கொண்டுவர வழியில்லை என்றால் ஒரு பலகைச் சரிவு போட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். பேட்டரி கழற்றக்கூடியதாக இருக்கட்டும். இரண்டு மூன்று கிலோதான், பையில் போட்டு மாடிக்குக் கொண்டுபோய்விடலாம். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி தானே நகர்ந்து வரும் ‘வாக் மோட்’ சில வண்டிகளில் உண்டு. பேஸ்மென்ட்டில் நிறுத்துபவர்களுக்கு இது வரப்பிரசாதம், மற்ற எல்லா அலங்காரங்களையும்விட.

அடுத்து, பேட்டரியும் காற்றும். நம் ஊருக்கு இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பேட்டரியின் மேல் வோல்ட்டும் ஆம்பியர்-ஹவரும் எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்குங்கள்: 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்றால் 360 வாட்-ஹவர். மிதித்துக்கொண்டே ஓட்டினால் கிலோமீட்டருக்கு 8 முதல் 15 வாட்-ஹவர் செலவாகும். த்ராட்டிலிலேயே போனால் இன்னும் கூடும். ஆக அந்தப் பேட்டரிக்கு 24 முதல் 45 கிலோமீட்டர். விளம்பரத்தில் போட்டிருக்கும் எண், ஒல்லியான ஒருவர், காற்றில்லாத சமதரையில், குறைந்த உதவியோடு போன தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி சில நூறு சார்ஜுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயவும் செய்யும். உங்கள் வழக்கமான மிக நீண்ட நாளிலும் வீடு திரும்பும்போது பாதி சார்ஜ் மிச்சம் இருக்கும்படி வாங்குங்கள். மற்றவர்களுக்குப் பேட்டரி தீர்ந்தால் எரிச்சல். நமக்கு அது டாக்டர் எழுதாத டிரெட்மில் டெஸ்ட்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று சீசனில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அடிக்கும் காற்றுக்குள் நீங்கள் 15-இல் போனால், உடம்புக்குப் படுவது 35. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், காற்றைப் பிளப்பதற்கு மட்டும் ஐந்து மடங்குக்கு மேல் ஆகும். கண்ணுக்குத் தெரியாத மேம்பாலம், ஏறி முடிந்து இறங்கவே இறங்காத மேம்பாலம். போதாததற்கு, ஊருக்கு மேற்கே போகப் போக மலையை நோக்கித் தரையும் மெல்ல உயர்கிறது. ராமநாதபுரத்திலோ பீளமேட்டிலோ இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள்: பேரூர்ப் பக்கம் போகும்போது எதிர்காற்று, பேட்டரி நிறைவு, திரும்பும்போது காற்றும் இறக்கமும் தள்ளிவிடும். வடவள்ளி, தொண்டாமுத்தூர்க்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ். காலையில் டவுனுக்குச் சறுக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "அட, சார்ஜே இறங்கலையே" என்று மனசு குளிரும். வீடு திரும்பும்போது வெயில், களைப்பு, எதிர்காற்று, ஏற்றம், குறைந்த பேட்டரி எல்லாம் ஒன்றாகச் சேரும். மேற்கே வீடு உள்ளவர்கள் திரும்பும் வழியை வைத்தே பேட்டரி வாங்குங்கள்.

கிட் வாங்கிப் பழைய சைக்கிளில் மாட்டித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைக்காரர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் மோட்டார் செய்துகாட்டிய ஊர் இது. மோட்டார் கட்டத் தெரியாத ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். ஆனால் பழைய ஃபிரேமில் பழைய பிரேக்கோடு 500, 750 வாட்டை ஏற்றினால், அது சட்டப்படி மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் கேள்வி கேட்பார்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடும் ஒருவர் அந்த வேகத்தில் விழுவதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

விழுவது பற்றிப் பேச்சு வந்ததால், மாத்திரைகள். ஸ்டென்ட்காரர்கள் ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும், வால்வுக்காரர்கள் அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடுகிறோம். சிராய்ப்பு என்றால் ரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். தலையில் அடிபட்டால் கதையே வேறு. எழுந்து நடக்க முடிகிறது, ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள்; உள்ளே ரத்தம் மெதுவாகக் கசியக்கூடும். ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போக வேண்டாம். மெட்டோபுரோலால், பிசோபுரோலால் சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு மருந்தால் அடங்கியிருக்கும். கையில் கட்டிய வாட்ச் காட்டும் எண்ணை நம்பி உழைப்பை அளக்க முடியாது. அதைவிடப் பேச்சு நம்பகமானது: ஓட்டிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அளவு சரி, வாக்கியம் நடுவில் உடைந்தால் உதவி நிலையை ஒரு படி ஏற்றுங்கள். சார்பிட்ரேட் எழுதிக் கொடுத்திருந்தால் அது சட்டைப் பையில் இருக்கட்டும், வண்டிப் பையில் அல்ல. நெஞ்சு இறுகினால் இறங்கி, உட்கார்ந்து, அப்புறம் நாக்குக்கு அடியில் வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுபடி வண்டியில் ஏறாதீர்கள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். சக்கரத்தில் இருக்கும் மோட்டாருக்கும் நெஞ்சுக்கும் இடையே ஓட்டும்போது போதிய தூரம் இருக்கிறது. காந்தம் உள்ள எதையும் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு அப்பால் வைப்பது பொதுவான விதி. எனவே சக்கரத்தின் மேல் மார்பைச் சாய்த்துக் குனிந்து பழுது பார்க்காதீர்கள், போனையும் அந்தப் பக்கச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். இரண்டில் போன்தான் உங்களோடு தினமும் இருக்கிறது. அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்யும் கருவி வைத்தவர்கள் மட்டும் டாக்டரின் தெளிவான அனுமதி இல்லாமல் ரோட்டுக்கு வர வேண்டாம்.

ஃபிரேம் விஷயத்தில் ஆண்களோடுதான் எனக்கு வழக்கு. நடுக்கம்பி இல்லாத, காலைத் தூக்காமல் ஏறும் வண்டியைக் காட்டினால், "லேடீஸ் சைக்கிளுங்களா?" என்று ஒரு சிரிப்பு. பைபாஸுக்குக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்த தழும்பு உள்ளவருக்கு, தலை சுற்றும்போது சட்டென்று தரையில் கால் ஊன்ற வேண்டியவருக்கு, அதுதான் சரியான வண்டி. சீட்டில் உட்கார்ந்தபடியே இரு பாதமும் தரையில் படட்டும். கைப்பிடி உயரமாக இருக்கட்டும். முன்னால் குனிந்தால் உடல் பாரம் கைகள் வழியே மார்பெலும்புக்குப் போகும். முன்பக்க ஷாக் அப்சார்பரும், இரு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கும் இருந்தால் நம் ஊர் வேகத்தடைகளுக்கு நல்லது.

"மோட்டார் வெச்ச சைக்கிள்ல போறது என்ன எக்சர்சைஸ்?" என்று வீட்டில் கேட்பார்கள். பெடலைச் சுற்றிக்கொண்டு போனால் அது மிதமான உழைப்புதான் என்று ஐரோப்பாவில் நடந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேறு சிலர், "நெஞ்சு வலி வந்தவருக்குச் சைக்கிள் எதுக்கு?" என்பார்கள். 1955-இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, மாரடைப்பு வந்தவர் வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழக் கூடாது என்பதே அந்தக் கால வழக்கம். அவரைக் கவனித்த பால் டட்லி ஒயிட் என்ற இதய மருத்துவர் அதற்கு எதிர்த் திசையில் பேசினார். உடலை அசைக்கச் சொன்னார், தானே சைக்கிள் ஓட்டிக் காட்டினார். பாஸ்டன் நகரில் ஆற்றங்கரையோரம் ஒரு சைக்கிள் பாதைக்கு இன்றும் அவர் பெயர்தான். அடுத்த ஆண்டே ஐசனோவர் தேர்தலில் நின்று ஜெயித்தார். வீட்டில் வாதம் முற்றினால் இந்தக் கதை உதவும்.

என்றாலும், எந்த மோட்டாரும் ஈடுகட்ட முடியாத நிலைகள் உண்டு. ஓய்வில் இருக்கும்போதே வலி வருபவர்கள், வலி நாளுக்கு நாள் கூடுபவர்கள், மகாதமனி வால்வு மிகவும் சுருங்கி மயக்கம் வருபவர்கள், துடிப்பு இன்னும் கட்டுக்குள் வராதவர்கள் இப்போதைக்குச் சைக்கிளை மறந்துவிடுங்கள். இதயம் வலுவிழந்தவர்கள் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறியிருந்தால், காலில் வீக்கம் இருந்தால், அன்று போக வேண்டிய இடம் டாக்டர் வீடு.

ஓட்டும் முறையில் ஒரே ஒரு யோசனை. முதல் பத்து நிமிடம் உதவியை உயர்த்தி வைத்து, காலைச் சும்மா சுற்றுங்கள். உடம்பு சூடான பின் உதவியைக் குறையுங்கள். வீடு நெருங்கும்போது மறுபடி உயர்த்துங்கள், சட்டென்று நிறுத்தாமல் மெல்ல அடங்கட்டும். பெரும்பாலோர் பேட்டரியை மிச்சம் பிடிக்க இதற்கு நேர் எதிராகச் செய்கிறார்கள். முழு சார்ஜுக்கு அரை யூனிட் கரண்ட்கூட ஆகாது; அதில் என்ன சிக்கனம்?

வரும் சனிக்கிழமை நாலைந்து பேராகச் சேர்ந்து வண்டி பார்க்கப் போகலாம் என்று பேசியிருக்கிறோம். வருபவர்கள் மூன்று விஷயங்களோடு வாருங்கள்: டிரெட்மில் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, உங்கள் வாசலில் எத்தனை படி என்ற கணக்கு. கடை வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு "நல்லா இருக்குங்க" என்று பணம் கட்ட விடமாட்டேன். மேம்பாலம் வரை ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிறார்களா என்று முதலில் கேட்போம். அங்கே பாதி ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள். பிறகு மோட்டாரை அணைத்துவிட்டு, சமதரையில் கொஞ்ச தூரம் மிதித்துப் பாருங்கள். இரண்டுக்கும் சம்மதிக்காத கடை என்றால் அடுத்த கடைக்கு நடப்போம்.

அன்புடன்,
உங்கள் நடைபாதை நண்பன்